கையைப் பின்னால் நீட்டியவர்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், கடற்காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்துப் புழுக்கத்தில் வந்து அமர்ந்திருக்கும் திருகோணமலைப் பெருமக்களுக்கும் வணக்கம். மணியடிக்கக் காத்திருக்கும் தம்பிக்கும் முன்கூட்டியே ஒரு வணக்கம்.

களம்விட்டு விலகிய வீரர் வாழ்வில் தடுமாறுவதற்குப் பெரிதும் காரணம் அவருடைய முன்யோசனையின்மையா, நம்முடைய மறதியா என்பது இன்றைய தலைப்பு. மறதியே என்பது எங்கள் அணி. இதற்காக ஏழு குறிப்புகள் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் பேசி முடித்து அமரும்போது, "நூறு மீற்றர் ஓடத் தெரிந்தவருக்கு வங்கிவரை நடக்கத் தெரியவில்லையா?" என்று ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்காகவே ஏழு குறிப்புகளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

ஐயா, வங்கிவரை நடந்தவரையே எடுத்துக்கொள்வோம். நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்சிடம் பணத்துக்கா பஞ்சம்? 2012வரை மட்டும் ஒலிம்பிக்கில் 22 பதக்கங்கள், அவற்றில் 18 தங்கம். அவ்வளவும் கழுத்தில் ஏறிய மனிதர், 2012 இலண்டன் போட்டிக்குப் பிறகு உயிரோடிருக்கவே விருப்பமற்று அறைக்குள் கிடந்ததாகத் தாமே வெளிப்படையாகச் சொன்னார். எப்போது எழுவது, எதைத் தின்பது, எத்தனை மணிக்கு உறங்குவது என்பவற்றையெல்லாம் சிறுவயது முதல் பயிற்றுநர் தீர்மானித்த ஒருவருக்கு, திடீரென்று ஒரு திங்கட்கிழமை காலையில் செய்வதற்கு எதுவுமே இல்லாமற் போனால், அந்த வெறுமையை எந்த வங்கியில் வைப்பிலிடுவது?

வங்கிக்கு நடந்தவர் கதை அது. இனிக் கடைக்கு நடந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருடைய உறவினர் இந்தச் சபையிலேயே இருக்கக்கூடும். 4×100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் மூன்றாவது ஆளாக நாட்டுக்காக ஓடியவர். அவருடைய மனைவி, "ஒரு இறாத்தல் பாணும் ரெண்டு தேங்காயும் வாங்கிவாங்க" என்று அனுப்புகிறார். இவர் சப்பாத்துக் கயிற்றை இரட்டை முடிச்சாக இறுக்கி, படலையைத் தாண்டும்போது கைக்கடிகாரத்தை அமுக்கிவிட்டுப் போகிறார். திரும்பி வந்ததும் பாணை நீட்டவில்லை, கடிகாரத்தை நீட்டுகிறார். "நேற்றையிலும் நாலு செக்கன் பிந்திப்போச்சு. சந்தியில ஒரு மான் குறுக்க வந்திட்டுது."

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களூர் மான் காட்டில் நிற்பதில்லை, கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் கடைவாசலிலும்தான் நிற்கும். ஆகவே அவர் சொன்னது பொய்யில்லை. அத்தோடு விட்டாரா? "என்ர ஓடுபாதைக்குள்ள வந்தது அது, போட்டியெண்டால் மானைத்தான் தகுதிநீக்கம் செய்வாங்கள்" என்று விளக்கமும் கொடுத்தார். மனைவி கேட்டார்: "மான் கிடக்கட்டும், தேங்காய் எங்க?"

சிரித்துவிட்டீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். இதே கதையை அந்த அக்கா என் அம்மாவிடம் சொன்னபடி இன்னொரு தடவை சொல்கிறேன். தேங்காய்க்கு முன்பே அந்த நாள் தொடங்கிவிடுகிறது. விடிய நாலரைக்கு யாரும் எழுப்பாமலே எழுகிறார். விளக்கைப் போடாமல் சப்பாத்தை மாட்டி, அதே இரட்டை முடிச்சைப் போட்டு, வாசற்படியில் அமர்ந்துவிடுகிறார். "எங்க போறீங்க?" என்று கேட்டால், "ஒரு இடமும் இல்லை" என்கிறார். வெளிச்சம் வந்த பிறகு முடிச்சை அவிழ்த்துவிட்டு உள்ளே வருகிறார். மனிதருக்குப் போவதற்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கடை ஒன்றுதான். அதனால்தான் அதற்குக் கடிகாரம்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் எதிர்வீரசிங்கம் அவர்களைக் காட்டினார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர், பின்பு கலாநிதிப் பட்டமும் பெறவில்லையா என்றார். பெற்றார், தலைவணங்குகிறேன். ஆனால் அவர் பாய்ந்த காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவராகவும் இருந்தார். பாயும் இடமும் படிக்கும் இடமும் ஒரே வளாகத்தில் இருந்தன. அப்படியொரு வளாகத்தை நம் மெய்வல்லுநர்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு அவர்களுடைய முன்யோசனையைப் பற்றிப் பேசலாம்.

இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். 1948இல் டங்கன் வைற் வென்றதற்குப் பிறகு இந்த நாடு அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்காக 52 ஆண்டுகள் காத்திருந்தது. சிட்னியில் 200 மீற்றர் ஓடி அதைக் கொண்டுவந்தவர் சுசந்திகா ஜயசிங்க. 2017இல் அதே பதக்கத்தை விற்கப்போவதாக அவர் அறிவித்தார். வீட்டில் விற்பதற்குத் தாலிக்கொடியைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது ஒரு பெண்ணின் முகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

தம்பி முதல் மணியை அடித்துவிட்டார். எஞ்சிய வாதங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். அந்த அக்கா கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடைக்குப் புறப்படும்போது பையை வாங்குவதற்கு அவர் திரும்பிப் பார்ப்பதில்லையாம். முகம் படலையை நோக்கியிருக்க, பெருவிரலை விரித்து, கையைப் பின்னால் நீட்டுகிறாராம். அஞ்சலோட்டத்தில் கோல் வாங்குகிறவர் அப்படித்தான் நீட்டுவார். வருகிறவன் வைப்பான் என்ற நம்பிக்கையில் திரும்பமாட்டார். அக்கா முதலில் அதைப் பார்த்துச் சிரித்தாராம். ஒருநாள், "கோல் தாறவர் என்ன சொல்லித் தருவார்?" என்று கேட்டிருக்கிறார். "'பிடி' எண்டு கத்துவான்" என்றாராம் அவர்.

கணவரை ஒருநாளும் ஒருமையில் அழைத்தறியாத பெண் அவர். இப்போது தினமும் வாசலில் நின்று, அந்தக் கையில் பையை வைத்து, அயலவருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொல்கிறாராம்: "பிடி."