ஃப்ளை கட்ட ஆட்டுக் கம்பளிதான் வேண்டும், கடை உல்லன் வேண்டாம்

வணக்கம் மக்களே. ஃப்ளை என்றால், தூண்டில் முள்ளில் இறகும் கம்பளியும் சுற்றி, மீனுக்குப் பூச்சி, புழு மாதிரி தெரியக் கட்டும் செயற்கை இரை. இறகு பற்றி முன்பே ஒரு வீடியோவில் பேசியிருக்கிறோம். இன்றைக்கு ஃப்ளையின் உடம்புக்கு வருவோம். உடம்பு என்றால் என்னைப் பொறுத்தவரை கம்பளிதான்.

மேசையில் ரெண்டு வைத்திருக்கிறேன், கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன். இது நாகர்கோவிலில் ஒரு ஃபேன்சி கடையில் ‘உல்லன்’ என்று கேட்டு வாங்கிய நூல். இது ஊட்டியிலிருந்து வந்த ஆட்டு ரோமம், நூற்காதது. தீக்குச்சி கிழிக்கிறேன். முதலில் கடை நூல். பாருங்கள், சுருங்கி உருகி நுனியில் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. நகத்தால் அழுத்தினாலும் நசுங்கவில்லை. இது அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். இப்போது ஆட்டு ரோமம். பொரிந்து கருகுகிறது, தீயை விலக்கியதும் தானே அணைந்துவிட்டது. தலைமுடி கருகும் நாற்றம் அறை முழுக்க வருகிறது. சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகிறது. நூல் வாங்கினால் ஒரு இழையைப் பிய்த்து இப்படிக் கொளுத்திப் பாருங்கள். லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் தீ சொல்வதை நம்புங்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஃப்ளை வேலை செய்வது தண்ணீருக்குள். கம்பளி இழை தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். அக்ரிலிக்கோ ஈரத்தை உள்ளே விடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ரெண்டையும் இந்தக் கண்ணாடி டம்ளரில் போட்டு விரலால் ஒரு அழுத்து அழுத்துகிறேன். கம்பளியைக் கவனியுங்கள். சாம்பல் நிறமாக இருந்தது, நனைந்ததும் பழுப்பு ஏறி, ஓரத்து இழைகளில் வெளிச்சம் ஊடுருவுகிறது. டம்ளரை லேசாக ஆட்டினாலே இழைகள் அசைகின்றன. ஆற்றில் கல்லுக்கடியில் இருக்கும் சின்ன இறாலுக்கும் புழுவுக்கும் இந்த மங்கின நிறமும் இந்த அசைவும்தான். கடை நூலின் நிறம் உலர்ந்தபோது இருந்த மாதிரியேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃப்ராங்க் சாயர் என்பவர் ‘கில்லர் பக்’ என்று ஒரு ஃப்ளை கட்டினார். முள், செம்புக் கம்பி, கம்பளி நூல், அவ்வளவுதான், இறகே கிடையாது. அதற்கு அவர் எடுத்தது காலுறை கிழிந்தால் தைக்கிற சாதாரண நூல், சாட்விக்ஸ் 477. நனைந்ததும் அதில் ஒரு இளஞ்சிவப்பு தட்டும். அந்த நூல் உற்பத்தி நின்ற பிறகும், அது சுற்றி விற்ற பழைய அட்டைகளைத் தேடித் தேடி வாங்கினார்கள் தூண்டில்காரர்கள். அவர்கள் தேடியது நனைந்த பிறகு வரும் அந்த நிறத்தை. எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது.

இன்னும் பின்னால் போனால், சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னால் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் மீன் பிடிப்பவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் இருக்கும் ரெண்டு இறகை வைத்துக் கட்டுவதை எழுதியிருக்கிறார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் கையேட்டில் சொல்லும் ஃப்ளைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு உடம்பு கம்பளிதான்.

சரி, நம்ம ஊர் ஆட்டிடமிருந்து எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். தென்மாவட்டங்களில் நாம் பார்க்கும் செம்மறிகள் பெரும்பாலும் முடி ஆடுகள். அந்த முடி நேராக, வழுவழுப்பாக இருக்கும், நூலில் முறுக்கினால் நிற்காது. கம்பளி இழையில் சுருள் உண்டு, மேலே நுண்ணிய செதில்கள் உண்டு, அதனால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். தமிழ்நாட்டில் மென்மையான கம்பளிக்கு நீலகிரி ஆடுதான். எண்ணிக்கை குறைந்துவிட்ட இனம் அது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். திருச்சி கருங்குறும்பையின் ரோமம் முரடு. ஆனால் மென்மையான கம்பளியோடு அதைக் கொஞ்சம் கலந்தால் பூச்சியின் கால் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். கறுப்பு இயற்கையாகவே கிடைக்கிறது, சாயம் வேண்டாம். பழுப்பு வேண்டுமானால் வெள்ளைக் கம்பளியைத் திக்கான கட்டன் சாயாவில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள்.

கழுவும்போது மட்டும் கவனம். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, அமுக்கி எடுக்க வேண்டும். கசக்கினாலோ, சுடுதண்ணீரிலிருந்து சட்டென்று பச்சைத் தண்ணீருக்கு மாற்றினாலோ திரண்டு கட்டியாகிவிடும். கம்பளியில் லனோலின் என்ற கொழுப்பு இருக்கிறது, அது தண்ணீரை விலக்கும். மேலே மிதக்கிற ஃப்ளை கட்டுவதானால் அதைப் போக்காமல் அப்படியே எடுங்கள். அமிழ வேண்டியதற்கு நன்றாகக் கழுவிய கம்பளி.

இப்போது கட்டுவோம். 12ஆம் நம்பர் முள், வைஸில், அதாவது முள்ளைப் பிடிக்கும் இடுக்கியில், பிடித்தாயிற்று. நூலில் தேன்மெழுகு தடவுகிறேன். மெழுகுக்கு நாம் எங்கும் போக வேண்டாம், மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். எடைக்கு, மோட்டார் காயிலில் இருந்து உருவிய செம்புக் கம்பி, முள்ளின் தண்டில் ஒரு அடுக்கு. அப்புறம் கம்பளி. இவ்வளவுதான் எடுக்கிறேன், பாருங்கள், விரலுக்கடியில் நூல் தெரிகிறது. இதற்கு மேல் எடுத்தால் உடம்பு உப்பிவிடும். ஒரே பக்கமாக முறுக்குங்கள், முன்னும் பின்னும் உருட்டினால் பிரிந்துவிடும். வாலிலிருந்து முள்ளின் கண் வரை சுற்றி, முடிச்சுப் போட்டு, கடைசியில் ஊசி முனையால் அடிப்பக்கத்து இழைகளை மட்டும் மெதுவாகக் கிளறி விடுகிறேன். கால்கள் வந்துவிட்டன.

தமிழ்நாட்டில் ஃப்ளை என்றாலே நீலகிரி ட்ரவுட் மீன் என்பார்கள். அவலாஞ்சியில் 1907இலேயே அதற்குக் குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது. குமரியில் ட்ரவுட் இல்லை, தேவையும் இல்லை. குழித்துறையில் ஆற்றுக்குக் குறுக்கே இருக்கும் சப்பாத்துக்கு, அதாவது தாழ்வான பாலத்துக்கு, கீழே கல்லிடுக்கில் ஓடும் தண்ணீரில் இந்தச் சாம்பல் ஃப்ளையை இழுக்காமல் ஒழுக்கோடு விட்டுப் பாருங்கள், கெண்டை எடுக்கும். தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் முரல் மீனுக்கு வேறு மாதிரி கட்ட வேண்டும். அதன் வாய் எலும்பு, முள் ஏறுவது கஷ்டம். வெள்ளைக் கம்பளியை நீளமாக, சுற்றாமல் தொங்கவிட்டால் அந்தப் பொடிப் பற்களில் இழை சிக்கிக்கொள்ளும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி பக்கம் போகிறவர்கள் மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் அனுமதி கேட்காமல் தூண்டிலை எடுக்காதீர்கள்.

உப்புத் தண்ணீரில் போட்டதை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். கம்பளி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் முள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. மீதிக் கம்பளியை மூடிபோட்ட டப்பாவில் அந்துருண்டையோடு வையுங்கள், இல்லையென்றால் பூச்சி அரித்துவிடும். ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஆடு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அங்கே ரோமம் எந்த மாசத்தில் கத்தரிப்பார்கள் என்று சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.