சின்ன ஸ்பீக்கரைக் கேட்டு வாங்குவது

நேயர்களுக்கு வணக்கம். அதிகம் செலவழிக்காமல் வீட்டுக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் அதை எப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. கடைக்காரர்கள் புக்‌ஷெல்ஃப் என்று சொல்லும் வகையை எடுத்துக்கொள்வோம். ஓர் அடி, ஒன்றேகால் அடி உயரப் பெட்டி. அதில் கீழ் ஸ்தாயிக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, மேல் ஸ்தாயிக்கு ஓர் அங்குல ட்வீட்டர் ஒன்று.

பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், ஆழமான பேஸ், அதாவது அடியொலி, வேண்டும், குறைந்த வாட்டிலேயே உரக்கப் பாட வேண்டும். இந்த மூன்றில் அதிகம் போனால் இரண்டுதான் கிடைக்கும். இது இயற்பியல் விதி; பத்து லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் இதற்குத் தப்பாது. ஆகவே மலிவு ஸ்பீக்கரில் குறை உண்டா என்று கேட்கவே வேண்டாம், உண்டு. வடிவமைத்தவர் எதை விட்டுக்கொடுத்தார், நீங்கள் கேட்கும் சங்கீதத்துக்கு அது தேவையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிபிசியின் எல்எஸ் 3/5ஏ இதற்கு நல்ல உதாரணம். வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்காக 1970-களில் உருவான மானிட்டர், அதாவது ஒலியைக் கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கர் அது. சுமார் 5 லிட்டர் கொள்ளளவு, முழுக்க மூடிய பெட்டி. ஆழமான பேஸையும் விட்டுவிட்டார்கள், உரத்த ஒலியையும் விட்டுவிட்டார்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 83 டெசிபல் (ஒலியின் உரப்பைச் சொல்லும் அளவு) அளவுக்குத்தான் வரும். 100 ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறையக் குறைய ஒலி ஆழம்) சற்று மேலே ஒலியைக் கொஞ்சம் தூக்கி வைத்து, பேஸ் இருப்பதுபோலக் காதைத் திருப்திப்படுத்தினார்கள். பதிலுக்குக் கிடைத்தது பேச்சுக்குரலின் இயல்பு. இன்று விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டாலும், சின்னப் பெட்டிக்காரர்கள் பலருக்கும் அதுதான் இன்னமும் அளவுகோல்.

மறுபக்கத்தில், ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் வடிவமைத்து 2015-ல் வந்த ஈலாக் டெப்யூ பி6. ஜோடி அப்போது 280 டாலர். ஆறரை அங்குல அராமிட் இழை வூஃபர், 87 டெசிபல், கீழே 44 ஹெர்ட்ஸ் வரை என்று நிறுவனம் சொன்னது. இதில் விட்டுக்கொடுத்தது பெட்டியின் அளவை. பெட்டி கனமானது, அலமாரித் தட்டில் அடங்காது. கேட்டால் பேஸ் நிறைவாக இருக்கும். மேல் ஸ்தாயி கொஞ்சம் அடக்கம். வயலினில் வில் உராய்வதை ஒவ்வொரு இழையாகக் கேட்க விரும்புகிறவருக்கு இது மந்தமாகப் படலாம். இரண்டு மணி நேரக் கச்சேரி கேட்பவருக்கு நிம்மதி. பேஸுக்காகப் பெட்டியில் விடும் துவாரம் பின்புறம் இருந்ததால் சுவரை ஒட்டி வைத்தால் குமுறும். 2018-ல் வந்த இரண்டாவது வரிசையில் துவாரத்தை முன்பக்கம் கொண்டுவந்தார்கள்.

எந்தப் பெட்டி உங்களுக்கு என்பதைச் சுருதிக் கணக்கே சொல்லிவிடும். ஒரு கட்டையில் பாடும் ஆணின் சட்ஜம் 131 ஹெர்ட்ஸ், தம்பூராவின் மந்தர சட்ஜம் அதில் பாதி, சுமார் 65. கர்நாடகக் கச்சேரியில் அதற்குக் கீழே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஐந்து அங்குல வூஃபரே அநேகமாகப் போதும். பேஸ் கிடாரின் அடித்தந்தியோ 41 ஹெர்ட்ஸ். திரைப்பாட்டு கேட்பவர் பெரிய பெட்டி வாங்கட்டும், அல்லது சப்வூஃபர் என்னும் தனி பேஸ் பெட்டிக்கு ஒரு மூலையை ஒதுக்கட்டும்.

கடையில் முதலில் பேச்சைப் போட்டுக் கேளுங்கள். தினமும் கேட்டுப் பழகிய அறிவிப்பாளரின் குரல் போதும். குரல் நெஞ்சுக்குள்ளிருந்து குடத்தில் பேசுவதுபோல் வந்தால், பேஸ் அதிகம் என்று காட்டுவதற்காக 100, 150 ஹெர்ட்ஸ் பக்கம் செயற்கையாகத் தூக்கியிருக்கிறார்கள். ‘ஸ’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் சீறினால் ட்வீட்டர் பக்கம் மேடு இருக்கிறது. இந்த மேடு கடையில் விற்பனைக்கு உதவும், ஐந்து நிமிடத்துக்கு ‘என்ன தெளிவு!’ என்று தோன்றும். அரை மணியில் காது களைத்துவிடும். எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோ ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க நல்ல பதிவுதான் வேண்டும்.

அடுத்தது மிருதங்கம். அதன் வலது பக்கமான வலந்தலையில் அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்கள் ஒழுங்கான மடங்குகளில் அமைந்திருப்பதை சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். தோல் கருவியாக இருந்தும் அது சுருதியோடு சேர்வது இதனால்தான். நடு அதிர்வெண்கள் கோணலாக உள்ள ஸ்பீக்கரில் இந்தச் சுருதி மங்கி, ‘நம்’ என்ற சொல் வெறும் தட்டலாகிவிடும். இடது பக்கமான தொப்பியில், கையை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கி வரும்போது நாதம் சரிந்து ஏறுவது கேட்க வேண்டும். எல்லா அடியும் ஒரே ‘டும்’ என்று வந்தால், பெட்டியின் துவாரம்தான் பாடுகிறது, மிருதங்கம் இல்லை.

இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமன்செய்யாவிட்டால் எல்லாம் வீண். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே நம் காது ‘நல்ல ஸ்பீக்கர்’ என்று எடுத்துக்கொள்ளும். எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சலான பிங்க் நாய்ஸ் ஒலியைப் போட்டு, உட்காரும் இடத்தில் கைபேசியின் ஒலிமானிச் செயலியை வைத்து, இரண்டையும் அரை டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். செயலி காட்டும் எண் சரியாக இல்லாவிட்டாலும் ஒப்பிடுவதற்குப் போதும். முடிந்தால் எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்து நடத்திய சோதனைகளில், பெயரும் விலையும் மறைந்தபோது கேட்டவர்களின் தேர்வு பெரும்பாலும் ஒத்துப்போனது. நேரே சீராகவும் பக்கவாட்டில் திடீர்ப் பள்ளமில்லாமலும் ஒலித்தவையே ஜெயித்தன.

வீட்டுக்கு வந்ததும் அறை தன் வேலையைக் காட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்புவதால் 47, 56 ஹெர்ட்ஸ் இரண்டும் தானாகவே எழும்பும். பத்துக்குப் பத்து அறையில் கூரையும் பத்தடி என்றால் மூன்று திசையும் 56-ல் குவிந்து, ஒரே ஒரு பேஸ் சுரம் மட்டும் வீட்டை அதிரவைக்கும். ஸ்பீக்கரைக் குறைசொல்லிப் பயனில்லை, நாற்காலியை நகர்த்துங்கள். அறையின் சரிபாதியிலும் பின்சுவரை ஒட்டியும் உட்கார வேண்டாம். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கிறதா, கை தட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று உலோகச் சத்தம் திரும்பி வந்தால் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கனத்த ஜமுக்காளம் விரியுங்கள், ஒரு சுவருக்குப் புத்தக அலமாரி. இது ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கேபிளைவிட நிச்சயம் அதிகம் கொடுக்கும். கேபிளுக்கு ஐந்து மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தாராளம்.

சுவரிலிருந்து தூரமும் முக்கியம். ஸ்பீக்கரின் முகப்பு பின்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலியை அழித்துவிடும். இரண்டு கட்டையில் பாடும் ஆணின் சட்ஜம் 147. பாடகருக்கு உடம்பில்லாமல் போவது இப்படித்தான். பத்துப் பத்து சென்டிமீட்டராக முன்னும் பின்னும் தள்ளிக் கேளுங்கள்.

ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். நாற்காலிக்கு 60, 65 சென்டிமீட்டர் ஸ்டாண்டு சரி. பாயில் உட்கார்ந்து கேட்பவர்கள் ஸ்டாண்டைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியின் பின்பக்க அடியில் சின்ன மரக்கட்டை வைத்து முகப்பை முன்னால் சாய்க்க வேண்டும். வூஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் 2, 3 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம், மேலோ கீழோ விலகினால் பள்ளம் விழும். குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி அலைந்தால் ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருக்கிறது.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் வூஃபரின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் தொய்வாக அசையும். ஃபோம் என்றால் பத்துப் பதினைந்து வருடத்தில் நம் புழுக்கத்துக்குப் பொடிந்து கையோடு வரும். புது விளிம்பு ஒட்டிக்கொள்ளலாம், விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். கூம்பை இரு விரலால் சமமாக உள்ளே அழுத்தும்போது கரகரவென்று உரசினால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் போயிருக்கிறது. அதை வாங்க வேண்டாம். ட்வீட்டருக்கு மட்டும் விரலை நீட்டாதீர்கள்; பட்டுக் குமிழ் குழிந்துவிடும்.