எந்தக் கடிகாரத்துக்கு வேலை?

(சேலத்தில் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோர்களிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டு நிறுவனங்களின் வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில், பெங்களூரில் ஐந்து ஆண்டுகளும் சேலத்தில் ஆறு ஆண்டுகளும் இருந்தேன். சேலத்தில் இருந்த காலம் முழுவதும் டீம் லீடர் வேலை. கம்பெனியின் பெயர் இன்றைய பேச்சுக்குத் தேவையில்லை. அங்கிருந்து விலகி வந்த பிறகு, தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அது நல்ல கம்பெனியா?" அங்கே வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெண் "தங்கமான இடம்" என்கிறார், அதே கட்டடத்தில் வேலை பார்த்த மைத்துனர் மகன் "கொத்தடிமை வேலை" என்கிறான். யாரை நம்புவது என்று பெற்றோர் திகைக்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். அது எப்படி என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

புகழ்ந்து பேசுகிறவர்களை முதலில் கேட்போம். குளிரூட்டிய அறை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை என்பதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும். பழகாமல் கடைசிவரை புகழப்படுவது, சொன்ன தேதியில் வரும் சம்பளம். அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறி ஓடும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் என் குழுவில் இருந்தார்கள். பாவு நூல் வராவிட்டால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி இல்லை என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறை வீடுகளில், வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைந்து அடுப்பு மங்கும். அந்த வீட்டுப் பிள்ளையின் கைப்பேசிக்கு மாதக் கடைசியில் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி எவ்வளவு பெரிய விஷயம் என்பது, வசதியான வீட்டிலிருந்து வந்து கம்பெனியைத் திட்டுகிறவர்களுக்கு எளிதில் புரியாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, ஊழியர் 0.75 சதவீதமும் நிறுவனம் 3.25 சதவீதமும் கட்ட, அவரைச் சார்ந்திருக்கும் தாய் தந்தையருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. இதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் குறுஞ்செய்தியில் வரும் தொகை, வேலைக்கு எடுக்கும்போது சொன்ன தொகையாக இருக்காது. ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். ஓர் உதாரணத்துக்கு அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வையுங்கள். அந்த 20,000-க்குள்ளேயே நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,200, அதன் பங்கு இ.எஸ்.ஐ. சுமார் 530, பணிக்கொடைக்கு ஒதுக்கும் 481, இலக்கை எட்டினால் மட்டும் தரும் ஊக்கத்தொகை 1,500 ஆகிய எல்லாம் அடங்கிவிடும். பிறகு உங்கள் பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம். கையில் நிற்பது ஏறத்தாழ 15,000. இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லாம் கடிதத்தின் இணைப்பில் அச்சாகியிருக்கும். அதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதுதான் முதல் மாதக் கசப்புக்குக் காரணம்.

இனி, திட்டுகிறவர்கள். அவர்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்டால் சம்பளத்தைவிட நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எங்கள் தளம் ஐந்தாவது மாடி, கேன்டீன் தரைத்தளம். வாடிக்கையாளர்களின் மருத்துவ விவரங்களைப் பார்த்து அழைப்புக்குப் பதில் சொல்லும் வேலை என்பதால் கைப்பேசி உள்ளே கூடாது. பதினைந்து நிமிட இடைவேளையில் லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்து, அட்டையைத் தேய்த்து, லிஃப்டுக்கு நின்று, கீழே போய், டீ வாங்கி, வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசி, மறுபடி லிஃப்டுக்கு நிற்க வேண்டும். ஓமலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் ஒரே மாதத்தில் பதினொரு நாள் இடைவேளையைத் தாண்டிவிட்டார். ஒரு நாள் நான்கு நிமிடம், ஒரு நாள் ஐந்து நிமிடம். எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தவன் நான்தான். "லிஃப்ட் வரலைண்ணா" என்று மட்டும் சொன்னார். இடைவேளை நிமிடங்களைக் கணக்கு வைக்கும் எக்செல் தாளில் லிஃப்டுக்கென்று ஒரு கட்டம் இல்லை. அடுத்த வாரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நானே போய் வந்தேன். பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தும் பதினேழு நிமிடம் ஆயிற்று. அந்த எச்சரிக்கைக் கடிதத்தை நான் திரும்பப் பெறவில்லை. பெற எனக்கு அதிகாரமும் இல்லை, அன்று துணிச்சலும் இல்லை.

அந்த எக்செல் தாள் எங்கிருந்து வந்தது? நான் தயாரிக்கவில்லை, என் மேனேஜரும் தயாரிக்கவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் கம்பெனிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதன் சேவை அளவுகோலை எஸ்.எல்.ஏ. என்பார்கள். நூறு அழைப்பு வந்தால் எண்பதை இருபது விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது கால் சென்டர்களில் புழங்கும் பழைய அளவு. அதை எட்ட, எந்த நேரத்திலும் இத்தனை பேர் நாற்காலியில் இருந்தாக வேண்டும்; குறைந்தால் கம்பெனிக்கு அபராதம். ஆகவே இடைவேளையும் விடுப்பும் அந்த ஒப்பந்தத்தில் பிறந்து, டீம் லீடரின் வாயால் வெளிவருகின்றன. ஊழியர் அந்த ஒப்பந்தத்தைப் பார்ப்பதே இல்லை. டீம் லீடரைத்தான் பார்க்கிறார், அவரைத்தான் திட்டுகிறார். பக்கத்துத் தளத்தில் மெடிக்கல் கோடிங், அதாவது மருத்துவக் குறிப்புகளைப் படித்து நோய்க்கான குறியீடு போடும் வேலை, செய்கிறவருக்கு அழைப்பே கிடையாது. பகல் ஷிஃப்ட், எண்ணிக்கையும் பிழையின்மையும்தான் கணக்கு. அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று நோய்க் குறியீடுகள் புதுப்பிக்கப்படும்போது மட்டும், ஆயுத பூஜை சமயத்தில் அவருக்குத் தலை சுற்றும். மற்ற மாதங்களில் "தங்கமான இடம்" என்று சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வாடிக்கையாளரின் வேலையும் தனிக் கம்பெனி மாதிரி; உள்ளே அவற்றுக்குப் பெயர் பிராசஸ்.

நேரம் என்றேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தவுடன் அது 7.30 ஆகிவிடும், அதிகாலை 3.30-க்கு முடிந்த வேலை மார்ச் மாதம்வரை 4.30-க்கு முடியும். ஊழியர்களை வீட்டில் இறக்கிவிடும் கம்பெனி வண்டியான கேப்பின் வரிசை மாறும். கடைசியாக ஓமலூரில் இறங்குகிறவர் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். இரவுப் பணிக்குப் பெண்ணின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்கிறது விதி. சம்மதப் படிவமோ சேரும் நாளன்று கையெழுத்துக்கு வரும் இருபது தாள்களில் ஒன்றாக வருகிறது. ஆடி மாதத்தில் குகை வண்டி வேடிக்கைக்கு ஊரே திரளும்போது உள்ளே அழைப்பு எடுத்துக்கொண்டிருப்பதும், நவம்பரில் அவர்களுடைய நன்றி தெரிவிக்கும் நாளுக்குக் காரணம் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதும் இந்த வேலையில் சகஜம். தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தந்திருக்கிறது. அன்று வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளமோ மாற்று விடுப்போ உண்டு. கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு.

விலகும்போதுதான் கசப்பு உச்சத்துக்குப் போகிறது. விசைத்தறியில் முன்பணம் வாங்கியவர் அதை அடைக்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே முன்பணத்தின் இடத்தில், முறைப்படி விலகினார் என்று கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டர் இருக்கிறது. இரண்டு மாதம், மூன்று மாதம் நோட்டீஸ் கொடுத்து முடித்தால்தான் அந்தத் தாள் வரும்; அது இல்லாமல் அடுத்த இடத்தில் சேர்க்கமாட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும் என்கிறது. ஐ.டி. துறையினர் தொழிற்சங்கம் அமைக்கத் தடை இல்லை என்பதைத் தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. இரண்டையும் என் குழுவில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. சங்கம் பற்றிய அந்த விளக்கம் 2016-இல் எனக்கே தெரியாது. "நாம் எல்லாம் ஒரே குடும்பம்" என்று எச்.ஆர். சொல்லும்போது கைதட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

மேடைக்கு வருமுன் ஒரு மாணவி தமது நியமனக் கடிதத்தைக் காட்டினார். பதினான்கு பக்கம். ஷிஃப்ட் பற்றி ஒரே வரி, "தொழில் தேவைக்கேற்ப மாறும்" என்று. அதன் கீழே பென்சிலால் கோடிட்டுக் கொடுத்திருக்கிறேன். அம்மா, திங்கட்கிழமை சேரப் போகும்போது அந்தப் பக்கத்தை மேலே வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுக் கடிகாரத்துக்கு வேலை, நவம்பரில் எத்தனை மணிக்கு முடியும், கேப்பில் கடைசியாக இறங்குவது யார், அப்போது காவலர் வண்டியில் இருப்பாரா என்று கேளுங்கள். பதிலைக் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதி, சொன்னவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கேன்டீன் எந்த மாடியில் என்பதையும் கேட்டுவிடுங்கள்.