மாப்பிள்ளையும் ஒன் லேடி ஓனர்தான்!

நடுவர் ஐயாவுக்கும், மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் பட்டர்வொர்த் மக்களுக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், கொஞ்சம் சின்னதாக. எனக்குக் கொடுத்த நேரத்தை வணக்கத்திலேயே தீர்த்துவிட்டால் என் வீட்டுக்காரருக்குத்தான் சந்தோஷம். இன்றைக்கு அவர் கதை வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அதோ, தூணுக்குப் பின்னால் நகர்கிறார் பாருங்கள்.

பழைய பொருளை வாங்கிப் புழங்கினால் பூமி பிழைக்குமா, பிழைக்காதா? பிழைக்கும் என்பது எங்கள் அணி. ஒழுங்காகக் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர், நம் வழக்கறிஞர் தம்பி, போகிற போக்கில் ஒன்று கேட்டுவிட்டுப் போனார். "இந்த அம்மா சட்டையும் பழசு வாங்குகிறார், மேசையும் பழசு வாங்குகிறார். நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளையும் செகண்ட் ஹேண்டில்தான் பார்ப்பாரா?" மண்டபமே அதிர்ந்தது. முன்வரிசையில் இருக்கும் என் மகளும் சேர்ந்து கைதட்டினாள். தட்டட்டும். தம்பி, அதற்கு வருகிறேன். நீங்கள் எங்கேயும் எழுந்து போய்விடாதீர்கள்.

முதலில் காற்றாடிக் கதை.

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டு காற்றாடி இருந்தது. ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. கையால் இறக்கையைத் தள்ளிவிட்டால் சோம்பலாக நாலு சுற்று. என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதன் காலம் முடிந்தது" என்றார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய பேப்பர் லோரி வருகிறது. உங்களுக்கெல்லாம் தெரியும், 'சூராட் காபார் லாமா... பெசி பூரோக்...' என்று ஒலிபெருக்கியில் இழுத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிட்டுப் போகுமே, அதேதான். காற்றாடி லோரியில் ஏறியது. ஐந்து ரிங்கிட். அந்த ஐந்து வெள்ளியைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டார் பாருங்கள், தோட்டத்தை விற்ற முதலாளிகூட அப்படித் தட்டியிருக்க மாட்டார்.

கொஞ்ச நாள் போனது. வெயில் கொளுத்துகிறது. புதுக் காற்றாடி வாங்கலாம் என்றேன். "புதுசு எதற்கு? லோரோங் கூலிட் போனால் பாதி விலை" என்றார். எங்கள் அணியின் கொள்கையைப் பேசுகிறாரே என்று நானும் பூரித்துப் போனேன். பினாங்குத் தீவில் சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில் காலையில் விரிக்கிற சந்தை அது. பழைய கடிகாரம் இருக்கும், பழைய நாணயம் இருக்கும், ஒற்றைச் செருப்பு இருக்கும், டிவி இல்லாமல் ரிமோட் மட்டும் தனியாக இருக்கும். விடியற்காலையில் மோட்டாரை எடுத்துப் பாலம் ஏறினார். மோட்டாருக்கு 2019-லிருந்து டோலும் கிடையாது, மனிதரைப் பிடிக்க முடியுமா?

வெயில் ஏறத் திரும்பி வந்தார். பின் சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிய காற்றாடி. பாலத்துக் கடல்காற்றில் இறக்கை சுற்றிக்கொண்டே வந்ததாம். "கரண்டே இல்லாமல் இந்த ஓட்டம் ஓடுகிறது, கரண்டு கொடுத்தால் கூரையைத் தூக்கும்" என்றார். விலை என்ன என்றேன். "அறுபது சொன்னான். நான் விடுவேனா? நாற்பத்தைந்துக்கு முடித்தேன்." அதற்கப்புறம் பேரம் பேசியதை ஹாலில் நடித்தே காட்டினார். கடைக்காரர் பாகத்தையும் அவரே நடித்தார். கடைக்காரர் கண்கலங்குகிற இடத்தில் எனக்கே பாவமாகிவிட்டது.

பிளக்கைச் செருகினேன். ஜோராகச் சுற்றியது. சரி, தூசியைத் துடைக்கலாம் என்று ஈரத்துணியோடு குனிந்தேன். அடித்தட்டில், சுவிட்சுக்குப் பக்கத்தில், ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

நடுவர் ஐயா, லோரோங் கூலிட்டில் எந்தச் சீனப் பெரியவர் காற்றாடிக்கு ஆயுத பூஜை போட்டார்? நீங்களே சொல்லுங்கள்!

நான் வைத்த பொட்டு. எப்போதும் என் விரல் கொஞ்சம் இடது பக்கம் சாயும், அதே சாய்வு. ஐந்து வெள்ளிக்கு நாங்கள் விற்ற காற்றாடியை நாற்பத்தைந்து வெள்ளி கொடுத்து மீட்டு வந்திருக்கிறார். மனிதரைக் கூப்பிட்டுப் பொட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள்: "அதானே, அப்பவே பார்த்தேன், ரொம்பப் பழகின முகமா இருந்துச்சு!"

கதை இதோடு முடிந்ததா? வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் காற்றாடியைக் காட்டுகிறார். நாத்தனார் வந்தபோது விலை நாற்பத்தைந்து. அவருடைய பழைய நண்பர் வந்தபோது முப்பது. போன மாதம் பெரிய சம்பந்தி வந்தார். அவரிடம், "சும்மாத்தான் கொடுத்தான், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, பத்து வெள்ளியைக் கையில் திணித்துவிட்டு வந்தேன்" என்கிறார். இதற்கிடையில் தின்னர் போட்டுப் பொட்டையும் துடைத்துவிட்டார். சாட்சியை அழிக்கிறார், வழக்கறிஞர் தம்பி கவனிக்க வேண்டும்.

சிரித்தது போதும், விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் அப்படி என்னதான் செய்தார்? நானே ஒரு நாள் போய்க் கேட்டேன். கப்பாசிட்டர் மாற்றினாராம். விரல் அகலத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, இரண்டு ஒயர். பத்து வெள்ளிகூட ஆகாது. மோட்டாரைக் கிளப்பிவிடுகிற வேலை அதற்கு. அது போய்விட்டால் காற்றாடி முனகும், கையால் தள்ளினால்தான் சுற்றும். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது, உள்ளே செம்புக் கம்பி நன்றாக இருந்தது, இரும்பு அடி நன்றாக இருந்தது. ஒரு விரல் அகலப் பெட்டிக்காக அத்தனையையும் லோரியில் ஏற்றிவிட்டோம்.

உலகம் முழுக்க இதே கதைதான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது கால்வாசிகூட இல்லை. மிச்சம் எங்கே போகும்? 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் குப்பைமேடு பற்றி எரிந்ததே, நிபோங் திபால் பக்கமிருந்து வந்தவர்கள் இங்கே இருந்தால் கை தூக்குங்கள். அந்தப் புகைக்குப் புதுசு, பழசு தெரியுமா?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு பேய்க் கதை சொன்னார். பழைய துணி விற்கிற பண்டல் கடைச் சட்டையை முன்னால் யார் போட்டிருந்தாரோ, அவருடைய ஆவி கூடவே வருமாம். ஒரு பருத்தி டீ-சட்டைக்கு, செடி வளர்வதிலிருந்து சட்டை தைப்பது வரை, ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறார்கள். 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் சில நாள் குழாயில் தண்ணீர் வராதபோது வாளி தூக்கினவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2,700 லிட்டரை வாளிக் கணக்கில் போட்டுப் பாருங்கள், ஆவி தானாக ஓடிவிடும். அப்புறம் ஒன்று கேட்கிறேன். பேய்க் கதை சொன்ன ஐயா வந்து இறங்கினது ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து, கப்பலேறி வந்த பெரிய கார். ஜப்பான்காரர் ஆவி காரில் ஏறாது, என் சட்டையில் மட்டும் ஏறுமா?

மூன்றாவதாகப் பேசிய தங்கை, பணக்கார நாடுகள் கழித்துப் போட்ட துணிதான் மூட்டை மூட்டையாக நம் பக்கம் வருகிறது, விற்காமல் போனது சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் மலையாகக் கிடக்கிறது என்றார். அது சரியான பேச்சு. சரியான பேச்சுக்கு மேடையில் பதில் சொல்லப் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது எனக்கு அனுபவம். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த மலையை உண்டாக்கியது அளவில்லாமல் புதுசு வாங்கினவர்கள். ஒரு சட்டையைப் பத்து வருடம் போடுகிறவள் மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள். தேவையில்லாததை வாங்காதே என்று நம் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்து எஸ்.எம். முகமது இட்ரிஸ் ஐயா 2019-இல் மறையும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டோமா?

சரி, மாப்பிள்ளை விவகாரம்.

தம்பி, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால்தான் துணிந்து கேட்டீர்கள். இந்த உலகத்தில் புது மாப்பிள்ளை என்று ஒருவர் உண்டா? பழைய கார் விளம்பரத்தில் போடுவார்களே, அந்த மாதிரி எல்லாருமே ஒன் லேடி ஓனர்! முப்பது வருடம் அம்மா கையில் ஓடிவிட்டு, ஃபேக்டரி வாரண்டி எல்லாம் முடிந்த பிறகுதான் நம்மிடம் வருகிறார்கள். விளம்பரத்தில் 'டிப் டாப் கண்டிஷன்' என்றுதான் போட்டிருப்பார்கள். வெளியே பாலிஷ் பளபளக்கும், ஸ்டார்ட் செய்தால்தான் சத்தம் தெரியும். 'ஆக்சிடெண்ட் ஃப்ரீ' என்பார்கள். காதல் கீதல் ஒன்றும் கிடையாது என்று தரகர் சொல்கிறாரே, அதுதான் அது. மீட்டரைத் திருப்பிவைப்பது இங்கேயும் உண்டு. வயது இருபத்தொன்பது என்பார்கள், அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால் முப்பத்துநாலு. காரைச் சோதிக்கப் புஸ்பகோம், மாப்பிள்ளையைச் சோதிக்க ஜோசியர். இரண்டு பேரும் பார்த்துப் பாஸ் போட்டுவிடுகிறார்கள், ஓட்டுகிறவள் நாம்!

காரை விற்றவராவது பெயர் மாற்றிக் கொடுத்ததும் போய்விடுவார். இங்கே முதல் உரிமையாளர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவார். சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். "நான் வைத்திருந்தபோது இப்படி இளைக்கவில்லையே" என்பார். "எண்ணெய் சரியாக ஊற்றுகிறாயா?" என்பார். திருப்பிக் கொடுக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் மட்டும் வாங்க மாட்டார்.

அதற்காகத் தூக்கியா எறிந்துவிட்டோம்? இங்கே இருக்கிற அக்காமார்களைக் கேளுங்கள். ஸ்பேர் பார்ட் கிடைக்காத மாடல் எல்லாம் இருக்கிறது. காலையில் உடனே கிளம்பாது, தள்ளிவிட வேண்டும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். இருந்தும் தட்டிக் கொட்டி, இழுத்துப் பிடித்து, இருபது வருடம் முப்பது வருடம் ஓட்டுகிறோமே, இது எங்கள் அணியின் கொள்கை இல்லாமல் வேறென்ன? ஆமாம் தம்பி, என் மகளுக்கும் செகண்ட் ஹேண்ட் மாப்பிள்ளைதான் பார்க்கிறேன். முதல் உரிமையாளர் நல்லவரா என்று மட்டும் விசாரிக்கிறேன். உங்கள் அம்மா இன்றைக்கு வந்திருக்கிறாரா?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சிரிப்பு இல்லை.

நான் தோட்டத்துப் பிள்ளை. இதே செபராங் பிறையில் ரப்பர் தோட்டம், லயத்து வீடு. 1975-இல் அரசாங்கம் பாடநூல் கடனுதவித் திட்டம் கொண்டுவந்தது. இரவல் புத்தகம், ஆண்டு முடிவில் திருப்பித் தர வேண்டும். 2008-லிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது, இன்றைய பிள்ளைகளுக்கு அதில் வெட்கமில்லை. எங்கள் காலத்தில் அது ஏழை வீட்டுப் புத்தகம். அட்டையின் உள்பக்கத்தில் கட்டம் போட்ட முத்திரை இருக்கும். ஆண்டு, வாங்கினவர் பெயர். யார் யார் ஏழை என்று வரிசையாகத் தெரியும்.

இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் எனக்கு ஒரு புவியியல் புத்தகம் வந்தது. பெயர் எழுத அட்டையைத் திறந்தேன். என் கட்டத்துக்கு இரண்டு கட்டம் மேலே, என் அக்கா பெயர்.

அந்தப் புத்தகம் அவள் கையில் இருந்த வருடம், அக்கா பாதியில் பள்ளியை விட்டுவிட்டாள். அப்பா படுத்துவிட்டார், பால்வெட்டுக்கு ஆள் வேண்டும், அப்பாவின் நிரையை, அவர் பால் வெட்டுகிற மர வரிசையை, அவள் எடுத்துக்கொண்டாள். அந்தப் புத்தகத்தில் மலாய்ச் சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தாள். பொடிப் பொடி எழுத்து. பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருக்கும், பாதிப் புத்தகத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் பக்கம். நான் அவள் எழுதினதை வைத்துப் படித்தேன், மிச்சப் பக்கங்களுக்கு நானே பொருள் எழுதினேன். வருடக் கடைசியில் திருப்பிக் கொடுக்கும்போது, கிறுக்கினதை எல்லாம் அழித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். என் எழுத்தை அழித்தேன். அவளுடையதில் ரப்பரை வைக்கவில்லை.

அந்தப் புத்தகம் அடுத்து யார் கைக்குப் போனதோ, பாதி வரைக்கும் என் அக்கா சொல்லிக் கொடுத்திருப்பாள். புதுப் புத்தகம் வாங்க அப்பாவிடம் காசு இருந்திருந்தால் எனக்கு அவள் கையெழுத்து கிடைத்திருக்காது.

இதற்கும் பூமி பிழைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அக்கா, எழுந்திரு. மூன்றாவது வரிசை, பச்சைப் புடவை. நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்லும்போது என்னைப் பார்க்க வேண்டாம், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.