யூனியன் வெச்சா கம்பெனி என்ன பண்ணும்? ரேவன் டெஸ்டர்கள் கேஸ்

[திரை: அமெரிக்க வரைபடம், விஸ்கான்சின் மாநிலம்]

ரேவன் சாஃப்ட்வேர், ஆக்டிவிஷன் பிளிஸார்ட்ங்கிற கேம் கம்பெனியோட ஸ்டூடியோ. கால் ஆஃப் டூட்டி: வார்ஸோன் கேம்ல பக், அதாவது பிழை, தேடுற டெஸ்டர்கள் இங்கே இருந்தாங்க. 2021 டிசம்பர்ல அவங்கள்ல 12 பேருக்கு கான்ட்ராக்ட் முடியப்போகுதுன்னு சொல்லிட்டாங்க. கூட வேலை பார்த்தவங்க வேலையை நிறுத்தினாங்க. 2022 ஜனவரி 21-ல யூனியன் வெச்சாச்சுன்னு அறிவிச்சாங்க.

இதுக்கு அப்புறம் தேதிகளைக் கவனிங்க.

[திரை: ஜனவரி 24]

மூணே நாள்ல, டெஸ்டர்களைப் பல டீம்களுக்குப் பிரிச்சு அனுப்பப்போறதா நிர்வாகம் சொல்லுது. பார்க்க சாதாரண மாற்றம்தான். ஆனா யூனியன் வேணுமா வேண்டாமான்னு யார் யார் ஓட்டுப் போடலாம்னு முடிவு பண்றது அமெரிக்க அரசோட தேசியத் தொழிலாளர் உறவு வாரியம். ஒரே மாதிரி வேலை, சம்பளம், மேற்பார்வை இருக்கிறவங்களைத்தான் அது ஒரு பிரிவா எடுத்துக்கும். ஆளுக்கொரு டீம்னு சிதறிட்டா, நாங்க தனிப் பிரிவுன்னு வாதாடறது கஷ்டம். அடுத்து கம்பெனி, ஸ்டூடியோல இருக்கிற சுமார் 230 பேரும் ஓட்டுப் போடணும்னு கேட்டுச்சு. வாரியம் ஏத்துக்கலை.

[திரை: ஏப்ரல் 7]

ஆக்டிவிஷன் சுமார் 1,100 தற்காலிக டெஸ்டர்களை நிரந்தரமாக்குது. மணிக்குக் குறைஞ்சது 20 டாலர். ரேவன் டெஸ்டர்களுக்கு மட்டும் அந்த உயர்வு இல்லை! சட்டம் தடுக்குதுன்னு காரணம் சொன்னாங்க. சட்டம் சொல்றது வேற. ஓட்டை வாங்கறதுக்காகக் கூலியை ஏத்தக்கூடாது, தண்டிக்கறதுக்காக நிறுத்தவும் கூடாது. யூனியன் பேச்சே இல்லைன்னா என்ன செய்வீங்களோ, அதைச் செய்யணும். மத்த எல்லாருக்கும் ஏத்திட்டு இவங்களை மட்டும் விட்டது எந்தக் கணக்குல சரி?

மே 23-ல ஓட்டு எண்ணினாங்க. 19-க்கு 3, யூனியன் ஜெயிச்சது. அக்டோபர்ல வாரியத்தோட வட்டார அலுவலகம், கூலி உயர்வை நிறுத்தினது பழிவாங்கல்தான்ங்கிற புகார்ல முகாந்திரம் இருக்குன்னு சொல்லுச்சு. முகாந்திரம்தான், தீர்ப்பு இல்லை.

[திரை: கையால எழுதின தேதிக் குறிப்பு]

அமெரிக்காவுல இந்த மாதிரிப் புகாரை 6 மாசத்துக்குள்ள கொடுத்தாகணும். அதனால எந்தத் தேதி, யார் சொன்னாங்க, என்ன வார்த்தை, யாருக்குக் கிடைச்சது, யாருக்குக் கிடைக்கலைன்னு அன்னன்னைக்கே எழுதி வைங்க. ஆபீஸ் லேப்டாப்லயோ, ஸ்லாக் மாதிரி ஆபீஸ் சாட் ஆப்லயோ வேண்டாம். வேலை போற அன்னைக்கே லாகினும் போயிடும். வெளிவராத கேமோட ஸ்கிரீன்ஷாட், கோட் எதையும் இந்தக் குறிப்போட சேர்க்காதீங்க. ரகசியத்தை வெளியே விட்டாங்கன்னு உங்களைத் தூக்க அதுவே சாக்காயிடும்.

இந்தச் சட்டத்துல பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. சட்டத்தை மீறின கம்பெனிக்கு அபராதம் போட இந்த வாரியத்தால முடியாது. வேலையை விட்டுத் தூக்கினவருக்கு விட்டுப்போன சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லும், அதுலயும் நடுவுல வேற இடத்துல சம்பாதிச்சதைக் கழிச்சிடும். இழுத்தடிச்சா கம்பெனிக்குப் பெருசா நஷ்டமில்லை. ரேவன் டெஸ்டர்களோட யூனியனுக்குக் கம்பெனியோட ஒப்பந்தம் கிடைச்சது 2025-ல. அதுக்குள்ள முதலாளியே மாறி, ஸ்டூடியோ மைக்ரோசாஃப்ட் கைக்குப் போயிருந்தது.