கோயில் பணத்தில் எழுந்த கிரேக்கக் கோயில்

பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலைக்குள் நுழைந்தவர்கள் இங்கே பல பேர் இருப்பீர்கள். செருப்புக் கடை, பெல்ட் கடை, பேரம், நெரிசல். அந்தத் தார்ப்பாய்களுக்கு மேலே என்றைக்காவது தலையைத் தூக்கிப் பார்த்ததுண்டா? பெரிய பெரிய தூண்கள், உச்சியில் முக்கோண முகப்பு. அதுதான் பச்சையப்பன் மண்டபம்.

பச்சையப்ப முதலியார் துபாஷி. வெள்ளைக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவில் நின்று சம்பாதித்தவர். 1794-இல் நாற்பது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். உயிலில் பள்ளிக்கூடம் என்ற பேச்சே கிடையாது, எல்லாம் கோயில் கைங்கரியமும் அன்னதானமும்தான். அப்புறம் வழக்கு வந்தது, வருஷக்கணக்கில் இழுத்தது, பணமோ வட்டியோடு பெருகிக்கொண்டே போனது. கோயில்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பிவிட்டார்கள். அதில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1842-இல் பள்ளி தொடங்கியது, 1846-இல் இந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1850-இல் கவர்னர் பாட்டிஞ்சர் திறந்து வைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், கோயிலுக்கு எழுதி வைத்த பணம் கடைசியில் கோயிலாகவேதான் எழுந்தது, ஆனால் கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றின் சாயலில்! அதைத் தீசியஸ் கோயில் என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். உண்மையில் அது ஹெபெஸ்டஸ் என்ற கொல்லர் தெய்வத்தின் கோயில். முன்னால் ஆறு தூண், பக்கத்துக்குப் பதின்மூன்று, அத்தனையும் பளிங்கு. எடின்பரோவில் 1829-இல் கட்டி முடித்த ராயல் ஹைஸ்கூலுக்கும் அதுதான் முன்மாதிரி என்பார்கள். சரி, சென்னையில் பளிங்குக்கு எங்கே போவது? அன்றைய மதராஸ் கொத்தனார்களுக்குக் கைவந்த வித்தை ஒன்று இருந்தது: செங்கல்லில் தூணை எழுப்பி, கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரியே மினுக்கிவிடுவார்கள்.

எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. முகப்பு என்னவோ கிரேக்கம், ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த பச்சையப்பன் கல்லூரியில் 1947 வரை இந்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம்.

கல்லூரி 1940-இல் சேத்துப்பட்டுக்குப் போகும்வரை இங்கேதான் நடந்தது. 1906-இல் ராமானுஜன் இங்கே படிக்க வந்தார், கணக்கைத் தவிர மற்றதில் தேறவில்லை. அண்ணாவும் இங்கே படித்தவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கடை விரிப்பதற்கு முன்னால் போய் எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள், தூண்களின் அடிப்பாகமும் கண்ணில் படும்.