வீடே இல்லாமல் முகப்பு மட்டும் கட்டிய சதுக்கம்! பாரிஸின் பிளாஸ் வாந்தோம் கதை

வணக்கம் நண்பர்களே!

வரிசையாகத் தூண்கள், வளைவுகள், ஜன்னல்கள். கல்லில் செதுக்கிய அரண்மனை முகப்பு. ஆனால் பின்னால் போய்ப் பார்த்தால் அறை இல்லை, படிக்கட்டு இல்லை, வெறும் மண்தரை. சினிமா செட் மாதிரி! 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாரிஸ் நகருக்குள் உண்மையிலேயே இப்படி ஒரு சதுக்கம் நின்றது. இன்றைக்கு உலகின் பெரிய நகைக்கடைகள் இருக்கும் பிளாஸ் வாந்தோம்தான் அது.

1685-இல் பதினான்காம் லூயி மன்னருக்காக இந்த இடத்தை வாங்கினார்கள். நூலகம், நாணயச்சாலை, தூதர் மாளிகை எல்லாம் வருவதாகத் திட்டம். வரைந்தவர் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைக் கட்டிய ஆர்துவேன்-மான்சார். முகப்பு எழும்பியதோடு காசு தீர்ந்துவிட்டது, போர்ச்செலவு அப்படி. 1699-இல் இடம் நகர நிர்வாகத்தின் கைக்குப் போனது. எழுப்பிய முகப்பை இடித்தார்கள். அதே மான்சார் சதுக்கத்தைச் சுருக்கி, நான்கு மூலைகளையும் வெட்டி எண்கோணமாக்கினார். இந்த முறையும் முகப்புதான் முதலில்! அப்புறம் பின்னால் இருந்த மனைகளை விற்றார்கள். உள்ளே உங்கள் இஷ்டப்படி கட்டிக்கொள்ளலாம், வெளியே ஒரு கல்லைக்கூட மாற்றக் கூடாது. முந்நூறு வருடம் கழித்தும் அந்த இடம் ஒரே கையால் வரைந்தது போல நிற்கிறதே, அதற்கு இந்த ஒற்றை நிபந்தனைதான் காரணம் என்பேன்.

நடுவில் இருந்த லூயியின் குதிரைச் சிலையை 1792-இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் சாய்த்தார்கள். சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

அதே இடத்தில் நெப்போலியன் 1810-இல் ஒரு தூணை நிறுத்தினார். சுமார் 44 மீட்டர் உயரம். தான் வென்ற ஆஸ்டர்லிட்ஸ் போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கிய வெண்கலத் தகடுகள், போர்க்காட்சிகளோடு தூணைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். உச்சியில் ரோமானியப் பேரரசர் வேடத்தில் நெப்போலியன்.

1870-இல் குஸ்தாவ் கூர்பே என்ற பெரிய ஓவியர், இந்தத் தூணைக் கழற்றிவிட வேண்டும் என்று அரசுக்கு மனுக் கொடுத்தார். அடுத்த வருடம் பாரிஸ் கம்யூன் ஆட்சி வந்தது, அதாவது நகரைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்த புரட்சி அரசு. தூணைச் சாய்க்கத் தீர்மானமும் போட்டது. 1871 மே 16. மரம் வெட்டுவது போல அடியில் சாய்வாக அறுத்தார்கள். விழும் இடத்தில் மணல், சுள்ளி, சாணம் பரப்பினார்கள். அதிர்வில் உடையாமல் இருக்க, சுற்றியிருந்த வீடுகளில் ஜன்னல் கண்ணாடிக்குக் காகிதம் ஒட்டினார்கள். கயிற்றை இழுத்தார்கள், முதல் தடவை இழுவைக் கருவி உடைந்தது. மாலையில் தூண் விழுந்தது.

கம்யூன் வீழ்ந்ததும் பழி முழுக்கக் கூர்பே தலையில் விழுந்தது. இத்தனைக்கும் தீர்மானம் நிறைவேறிய அன்று அவர் கம்யூன் உறுப்பினரே இல்லை! ஆறு மாதம் சிறை. அதோடு விட்டார்களா? தூணைத் திரும்பக் கட்டும் செலவையும் அவர்மேல் போட்டார்கள். மூன்று லட்சத்து இருபத்து மூவாயிரம் பிராங்குக்கும் மேல்! அவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போனார். வருடத்துக்கு 10,000 வீதம் 33 வருடத் தவணை. கணக்குப் போட்டுப் பாருங்கள், கட்டி முடிக்கும்போது அவருக்கு 91 வயது ஆகியிருக்கும். முதல் தவணைக்கு முந்தைய நாள், 1877 டிசம்பர் 31 அன்று, 58 வயதில் இறந்துபோனார். ஒரு கலைஞனை இப்படித் தண்டித்தது அநியாயம் என்பது என் கருத்து. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கமெண்டில் சொல்லுங்கள்.

தூண் 1875-இலேயே திரும்ப எழுந்துவிட்டது. இன்று நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

பியானோ இசைமேதை ஷோப்பின் இறந்தது இந்தச் சதுக்கத்தின் 12-ஆம் எண் வீட்டில். ரிட்ஸ் ஓட்டல் 15-ஆம் எண், 1898-இல் திறந்தது. ரிட்ஸுக்குப் பக்கத்தில் 13-ஆம் எண், நீதி அமைச்சகம். எல்லோரும் நகைக்கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போவார்கள். நீங்கள் அங்கே நின்று, வாசலுக்குப் பக்கத்து ஜன்னலின் கீழே பாருங்கள். சுவரில் ஒரு பளிங்குப் பட்டை இருக்கும். புரட்சி அரசு புதிதாகக் கொண்டுவந்த மீட்டர் என்றால் எவ்வளவு நீளம் என்று மக்களுக்குக் காட்ட நகரமெங்கும் 16 இடங்களில் பதித்தார்கள். மிச்சம் இருப்பது இரண்டே இரண்டு, அதில் ஒன்று இது. யாரும் கை வைத்து அளந்து பார்க்கலாம்.

வீடியோ பிடித்திருந்தால் லைக் போடுங்கள், பாரிஸ் போகவிருக்கும் நண்பருக்கு அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் பார்ப்போம்!